இன்ட்ரஸ்ட் இல்லாத மாமா

அன்புத் தோழிக்கு,

முதலில் வம்பு, நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலிருந்து இரண்டாவது மாடி மாமா கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். தண்ணீர் லாரி, பார்க்கிங், மொட்டை மாடித் துணிக்கொடி என்று எத்தனையோ சண்டை பார்த்த குழு இது. இந்தத் தடவை காரணம் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

சங்கக் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று மூன்றாவது மாடிக்காரர் கிளப்பிவிட்டார். எங்கள் செக்ரட்டரி கோர்ட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நிதானமான மனுஷர். குழுவில் எழுதினார்: கணக்கை ஒரு 'டிஸ்இன்ட்ரஸ்டட்' ஆள் பார்க்கட்டும், அதற்கு இரண்டாவது மாடி சாரைவிடப் பொருத்தமானவர் நம்மிடையே இல்லை. அவ்வளவுதான். காலமெல்லாம் பேங்கில் கணக்குப் பார்த்தவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "எனக்கா இன்ட்ரஸ்ட் இல்லை? போர் போட்டப்ப வெயில்ல நின்னது யாரு?" என்று ஒரு முழ நீளத்துக்கு எழுதிவிட்டு வெளியே போய்விட்டார். இப்போது காய்கறி வண்டி வந்தால் ஒரு வீட்டம்மா வாங்கி முடித்து மேலே போகும்வரை மற்றவர் கீழே இறங்குவதில்லை.

செக்ரட்டரி சொன்னது பாராட்டு, டி. 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்றால் அந்த விவகாரத்தில் தனக்கென்று லாபநஷ்டம் எதுவும் இல்லாதவர், நடுநிலையானவர். ஆர்வம் இல்லாதவருக்கு 'அன்இன்ட்ரஸ்டட்'. வழக்கு விசாரிக்கிற ஜட்ஜ் முதல் ரகமாக இருக்க வேண்டும். இரண்டாவது ரகமாக இருந்தால் வாதம் நடக்கும்போது தூங்கிவிடுவார்.

ஆனால் மாமாவையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டன் என்ற கவிஞர் 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்று எழுதியபோது அக்கறையில்லாத என்ற பொருளில்தான் எழுதினார். அதே நூற்றாண்டில் 'அன்இன்ட்ரஸ்டட்' என்று எழுதினவர்கள் நடுநிலை என்ற பொருளில் எழுதினார்கள். பிறகுதான் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. மாமா ஒரு நானூறு வருஷம் தாமதமாகப் பிறந்துவிட்டார், வேறொன்றுமில்லை. இதை நான் செக்ரட்டரியிடம் சொல்லவில்லை. இருக்கிற சண்டை போதும்.

உன் பேரன் கேட்டதற்கு வருகிறேன். 'அட்வைஸ்' சி போட்டும் வருகிறது, எஸ் போட்டும் வருகிறது, எது பாட்டி சரி என்றானாமே. இரண்டும் சரி. சி போட்டால் புத்திமதி, எஸ் போட்டால் புத்திமதி சொல்வது. இங்கிலீஷ்காரர் வாயில் இரண்டுக்கும் ஒலி வேறு. எஸ் போட்டதைச் சொல்லும்போது அந்தக் கடைசி எழுத்து இசட்டாக அதிரும். தமிழில் அந்த இசட் கிடையாது, அதனால் நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழுகிறது. காது பிரிக்காததைக் கை எப்படிப் பிரிக்கும்? 'லூஸ்' கதையும் இதேதான். ஒரு ஓ போட்டால் இழப்பது, இரண்டு ஓ போட்டால் தொளதொளவென்று இருப்பது. நமக்கு இரண்டும் ஒரே லூஸ். போதாததற்கு நாமே மூன்றாவதாக ஒரு லூசு வேறு வைத்திருக்கிறோம்.

ஆண்டு விழாவில் 'ஃபர்ஸ்ட் பிரைஸ்' என்று நாம் கத்தினால் இங்கிலீஷ் டீச்சர் முகம் சுளிப்பாரே, நினைவிருக்கிறதா? விலைக்கும் பரிசுக்கும் வித்தியாசம் தெரியாத ஜன்மங்கள் என்பார். இப்போது தெரிந்துகொண்டேன், பழைய பிரெஞ்சில் விலைக்கும் பரிசுக்கும் ஒரே சொல்தான். புகழ்ச்சி என்கிற 'பிரெய்ஸ்'கூட அதே வீட்டுப் பிள்ளை. இங்கிலீஷ்காரர்கள் பாகம் பிரித்ததை நம் தமிழ் நாக்கு மறுபடி கூட்டுக் குடும்பமாக்கிவிட்டது. அந்த டீச்சர் இருந்தால் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் போல இருக்கிறது.

பேரனுக்கு இன்னொன்று சொல். இந்த சி, எஸ் விவகாரத்தில் அமெரிக்காக்காரர்கள் தனி. லண்டன் வழக்கில் 'லைசென்ஸ்' என்ற காகிதத்துக்கு சி, அதைக் கொடுக்கிற காரியத்துக்கு எஸ். அமெரிக்காவில் இரண்டுக்கும் எஸ். சரி, அங்கே எல்லாமே எஸ் போல என்று நினைத்தால் 'பிராக்டிஸ்' என்பதற்கு இரண்டுக்கும் சி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்காதே. எந்தப் பாடப்புத்தகமோ அதன்படி எழுதச் சொல், மார்க் போடுகிறவர் அதைத்தான் பார்ப்பார்.

'ஸ்டேஷனரி' அதைவிட ருசியான விஷயம். கடைசியில் ஏ வந்தால் நகராமல் நிற்பது, ஈ வந்தால் தாள், பேனா, கவர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்றுதானே நினைப்பாய்? இடைக்கால ஐரோப்பாவில் சரக்கை முதுகில் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள் அதிகம். புத்தகம் விற்றவர் யூனிவர்சிட்டி பக்கத்திலோ சர்ச் பக்கத்திலோ கடை போட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்தார். ஓரிடத்தில் நிலையாக இருந்தவர் 'ஸ்டேஷனர்', அவர் விற்றது ஸ்டேஷனரி. லண்டனில் அவர்கள் 1403-லேயே சங்கம் கட்டிவிட்டார்கள். 1557-ல் அரச சாசனம் வாங்கியபின் அச்சுத் தொழிலே வெகுகாலம் அவர்கள் பிடியில் இருந்தது. ஆக, இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவைதான், ஒரு எழுத்தை மாற்றி அடையாளம் வைத்திருக்கிறார்கள். பூவும் மாவும் அப்படித்தான். 'ஃப்ளவர்' என்றால் பூ, ஒன்றில் சிறந்த பகுதிக்கும் அதுவே பெயர். அரைத்துச் சலித்தபின் கிடைக்கிற நயமான மாவு கோதுமையின் பூ. 1755-ல் வந்த சாமுவேல் ஜான்சன் அகராதியில்கூட மாவுக்கென்று தனி எழுத்துக்கூட்டல் கிடையாது. எழுத்தில் இரண்டாகப் பிரித்து நிலைநிறுத்தியதெல்லாம் பிற்பாடு.

இத்தனையும் படித்த பிறகு, எழுத்து மாற்றிப் போட்டவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வருவதில்லை. ஒரே ஒருவரைத் தவிர. கீழ்த்தள மாமி தன் வீட்டுக்காரருக்கு 'பிராஸ்ட்ரேட்' ஆபரேஷன் என்று லிஃப்ட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சுரப்பிக்கு நடுவில் 'ர்' கிடையாது, வெறும் பிராஸ்டேட். 'ர்' சேர்த்தால் சாஷ்டாங்கமாகக் குப்புற விழுவது. அதற்கு எதற்கடி ஆபரேஷன்? பாவம், அவர் நன்றாகத் தேறிவிட்டார், அதனால் சிரிக்கலாம். இப்படி வாய் தவறுவதற்கு இங்கிலீஷில் பெயரே இருக்கிறது. 1775-ல் ஷெரிடன் எழுதிய 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் மிஸஸ் மாலப்ராப் என்று ஒரு அம்மாள் வருகிறாள். பெரிய பெரிய வார்த்தையாகப் பேச வேண்டும் என்று ஆசை. 'அலிகேட்டர்' என்று முதலையைச் சொல்ல வந்து 'அலெகரி' என்று உருவகக் கதையைச் சொல்வாள். அவள் பெயரை வைத்துத்தான் 'மாலப்ராபிசம்' என்ற சொல் வந்தது.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஆசாமிகள் 'லெஸ்', 'ஃப்யூவர்' போலீஸ்காரர்கள்தான். எண்ணக்கூடியதற்கு ஃப்யூவர், எண்ண முடியாததற்கு லெஸ். ஃப்யூவர் இட்லி, லெஸ் சாம்பார். யாராவது லெஸ் இட்லி என்றால் உடனே விசில் ஊதுவார்கள். 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஒரு புத்தகத்தில், நூறுக்குக் குறையாமல் என்று சொல்லும் இடத்தில் 'ஃப்யூவர்' தனக்கு நயமாகவும் சரியாகவும் படுகிறது என்று எழுதினார். தன் அபிப்பிராயமாகத்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். அதற்குமுன் பல நூறு வருஷமாக எண்ணக்கூடியதற்கும் லெஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிரிட்டனில் டெஸ்கோ கடைகளில், பத்துப் பொருளோ அதற்குக் குறைவாகவோ வாங்கினால் இந்த வரிசை என்று லெஸ் போட்டுப் பலகை வைத்திருந்தார்கள். இலக்கணக்காரர்கள் விடுவார்களா? 2008-ல் 'பத்துப் பொருள் வரை' என்று பலகையை மாற்றினார்கள். அதில் லெஸ்ஸும் இல்லை, ஃப்யூவரும் இல்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நழுவிவிட்டார்கள்.

ஆனால் உயிரோ பணமோ போகிற இடத்தில் நான் போலீஸ் பக்கம். பெட்ரோல் டேங்கர் பின்னால் மாட்டிக்கொண்டபோது படித்திருப்பாய், 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'. முன்னால் வருகிற 'இன்' நம்மை ஏமாற்றும். 'இன்கரெக்ட்' என்றால் சரியில்லை, 'இன்விசிபிள்' என்றால் தெரியாது, அப்படியானால் இது தீப்பிடிக்காதது என்றுதானே தோன்றும்? இது அந்த 'இன்' இல்லை. கொளுத்துவது என்ற லத்தீன் வினையோடு ஒட்டி வந்த 'உள்ளே' என்கிற 'இன்'. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தார் 1920-களில், பழைய வார்த்தையை விட்டுவிட்டு 'ஃப்ளேமபிள்' என்று எழுதுங்கள் என்று வற்புறுத்த ஆரம்பித்தார்கள். மொழி அழகைப் பார்த்துச் செய்ததில்லை. லேபிளைப் படிப்பவர் ஒரு விநாடி குழம்பினாலும் ஆள் போய்விடும். நம் டேங்கர்கள் இன்னும் பழையதையே எழுதிக்கொண்டு ஓடுகின்றன.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழியியல் புத்தகங்களில் அடிபடுகிற பெரிய பெயர், ஆனால் சம்பளம் வாங்கியது ஹார்ட்ஃபோர்ட் ஃபயர் இன்சூரன்ஸ் கம்பெனியில். தீவிபத்து எதனால் நடக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. பெட்ரோல் நிரம்பிய பீப்பாய் பக்கத்தில் ஆட்கள் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள், 'காலி' என்று எழுதிய பீப்பாய் பக்கத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள், அதைக் கவனித்தார். காலிப் பீப்பாய்தான் அதிக ஆபத்து. உள்ளே ஆவி நிறைந்திருக்கும், ஒரு பொறி போதும். 'எம்ப்டி' என்ற வார்த்தைக்கு ஒன்றுமில்லை என்றும் பொருள், முன்பு இருந்த சரக்கு தீர்ந்தது என்றும் பொருள். எழுதினவர் ஒன்றை நினைத்தார், படித்தவர் மற்றதை எடுத்துக்கொண்டார். வார்த்தை மனசை எப்படி இழுக்கிறது என்று அவர் பிறகு எழுதியதெல்லாம் பெரிய சர்ச்சை. இந்தப் பீப்பாய் விஷயத்தில் மட்டும் எனக்கு அவரிடம் சண்டையே இல்லை.

பணம் போன கதையும் உண்டு. 2009-ல் பிரிட்டனில் கம்பெனிகளைப் பதிவு செய்கிற அரசு அலுவலகத்தில், 'டெய்லர் அண்ட் சன்' என்ற கம்பெனி மூடப்படுகிறது என்று பதிய வேண்டியதை 'டெய்லர் அண்ட் சன்ஸ்' பெயரில் பதிந்துவிட்டார்கள். மகன் திவாலானதற்கு மகன்களுக்குக் காரியம் பண்ணிவிட்டார்கள். சில நாளில் திருத்தினாலும், அதற்குள் கடன் தரம் பார்க்கிறவர்கள் கைக்குச் செய்தி போய்விட்டது. சரக்குக் கொடுத்தவர்கள் கைவிரித்தார்கள். 250 பேருக்கு மேல் வேலை பார்த்த, வேல்ஸின் கார்டிஃப் கம்பெனி படுத்துவிட்டது. அரசு அலுவலகம்தான் பொறுப்பு என்று 2015-ல் லண்டன் ஹைகோர்ட் சொன்னது. எல்லாம் ஒரு எஸ்.

அதே வேல்ஸ் பக்கம் 2000-ல் இன்னொன்று. குழந்தைகளைக் கெடுக்கும் பாதகர்களுக்கு எதிராக பிரிட்டன் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த நேரம். யாரோ ஒரு புத்திசாலி, குழந்தை வைத்தியர் ஒருவர் வீட்டில் அந்தப் பாதகரைக் குறிக்கும் வார்த்தையைப் பெயின்ட்டால் எழுதிவிட்டுப் போய்விட்டான். 'பீடியாட்ரிஷன்' என்ற வார்த்தையின் முதல் பாதியைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டவன். குழந்தை என்ற கிரேக்கச் சொல் இரண்டிலும் இருப்பதுதான் வினை. அந்த டாக்டரம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இத்தனைக்கும் இங்கிலீஷ் அவர்கள் தாய்மொழி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு விஷயத்தை உடனே 'டேபிள்' பண்ண வேண்டும் என்கிறார்கள் பிரிட்டிஷார். கூடவே கூடாது என்கிறார்கள் அமெரிக்கர்கள். லண்டனில் அதற்கு மேசைமேல் வைத்து இப்போதே பேசுவோம் என்று பொருள், அமெரிக்காவில் தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம் என்று பொருள். நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள் என்று புரிந்ததாம். சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கொரியப் போரில் நடந்தது இவ்வளவு லேசானதில்லை. 1951 ஏப்ரலில் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளஸ்டர்ஷர் படைப்பிரிவைச் சீனப்படை சூழ்ந்துகொண்டது. நிலைமை எப்படி என்று அமெரிக்க ஜெனரல் கேட்டதற்கு, கொஞ்சம் 'ஸ்டிக்கி' என்றாராம் பிரிட்டிஷ் பிரிகேடியர். பிரிட்டிஷ் அதிகாரி வாயில் அதற்கு உயிர் போகிற நிலைமை என்று பொருள். கேட்ட அமெரிக்கர், சமாளிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். குளஸ்டர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

அதனால் நம்முடைய இங்கிலீஷைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் நான் அசர மாட்டேன். 'டவுட்' என்றால் நமக்குக் கேள்வி, அவர்களுக்குச் சந்தேகம். என் அண்ணன் பையன் இன்ன வருஷம் 'பாஸ்ட் அவுட்' என்று அமெரிக்கக் கம்பெனிக்கு எழுதினான். அந்த வருஷம் மயங்கி விழுந்தான் என்று அவர்கள் படித்திருப்பார்கள், ஆனாலும் வேலை கொடுத்துவிட்டார்கள். 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்கே போய்விட்டது. 'ஹோட்டல்' என்று சொல்லிக்கொண்டு சாப்பிடத்தான் போகிறோம், அதை யார் என்ன செய்ய முடியும்?

அவர்கள் காது மட்டும் என்ன வாழ்ந்தது? உங்கள் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னல், ஹென்றி யூல் என்பவரோடு சேர்ந்து இந்திய இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு ஒரு தடித்த அகராதி செய்தார். அது 1886-ல் வெளிவந்தது. பர்னல் பாவம், அதற்கு முன்பே 1882-ல் போய்விட்டார். புத்தகத்தின் பெயர் 'ஹாப்சன் ஜாப்சன்'. முஹர்ரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று மாரில் அடித்துக்கொண்டு அழுவதை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கேட்ட லட்சணம் அது. மிளகுத் தண்ணியை 'மல்லிகடானி' ஆக்கியவர்களும் அவர்கள்தானே.

எதிர்வீட்டுப் பாட்டியை மறந்துவிட்டேனே. டிவியில் ஈரானுக்கு அமெரிக்கா 'சாங்ஷன்' என்று ஓடியிருக்கிறது. "அவனுக்குப் போய் சாங்ஷன் பண்றான், நம்ம பையன் ஹோம் லோனுக்கு நடையா நடக்கிறானே" என்று ஒரே புலம்பல். ஒரே வார்த்தைதான், பேங்கில் சொன்னால் அனுமதி, வாஷிங்டனில் சொன்னால் தடை. ஆணை என்ற லத்தீன் வேரிலிருந்து ஒன்று அனுமதிப் பக்கமும் இன்னொன்று தண்டனைப் பக்கமும் போய்விட்டன. பாட்டிக்கு விளக்கப் பார்த்தேன். அப்படியானால் பேங்க்காரன் நமக்குச் செய்வதும் தண்டனைதானே என்றார். வாயடைத்து வந்துவிட்டேன்.

ஒன்று கவனித்தாயா? இரண்டாவது மாடி மாமாவுக்கு டிஸ்இன்ட்ரஸ்டட் தெரியவில்லை என்று ரகசியமாகச் சிரித்த அதே கூட்டம்தான், பண்டிகைக்குக் 'கோழிக் கரி' ஆர்டர் எடுத்தது. வல்லின ற போடாமல் அடுப்புக்கரியை ஆர்டர் எடுத்தார்கள், ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருவர் புதுவீட்டுக்கு 'மணம் நிறைந்த வாழ்த்து' என்று எழுதினார், ஊதுபத்தி கம்பெனிதான் அனுப்பியதோ என்று நினைத்தேன். தமிழில் தப்பினால் அவசரம், இங்கிலீஷில் தப்பினால் அசிங்கம் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ.

சரி, வேலை விஷயம். சின்னவள் கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்த்தேன். தமிழ்ப் பக்கம் அழகு. இங்கிலீஷ் பக்கத்தில் மூன்று இடம். உற்றார் உறவினர் பெயருக்கு மேலே 'வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ்' என்பதில் எல்லுக்குப் பிறகு ஈ போட்டிருக்கிறார்கள், ஐ வேண்டும். ஈ போட்டால் குறையை நிரப்புவது, உங்கள் உறவுக்காரர்களுக்கு அது பொருத்தமோ என்னமோ. சம்பந்தி ரிட்டயர்ட் 'பிரின்சிபல்' என்பதற்குக் கடைசியில் எல், ஈ இருக்கிறது. அது கொள்கை. கொள்கையிலிருந்து ஓய்வுபெற்றவர் என்று அச்சடித்தால் மனுஷர் மணமேடையிலேயே முறைப்பார். ஏ, எல் என்று முடியட்டும். மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. அன்பளிப்பைத் தவிர்க்கவும் என்று போட நினைத்து, 'பிரசென்ட்ஸ்' வர வேண்டிய இடத்தில் 'பிரசென்ஸ்' வந்திருக்கிறது. வருகையைத் தவிர்க்கவும் என்று அத்தனை பேருக்கும் அழைப்பு அனுப்பப் பார்த்தாயே!

பிரஸ்காரரிடம் இன்றைக்கே நேரில் போய்ச் சொல்லிவிடு. போனில் சொன்னால் சரி சரி என்று பழைய ஃபைலையே ஓட்டிவிடுவார்கள். அப்புறம், அன்பளிப்பு வேண்டாம் என்று நிஜமாகவே போடப் போகிறாயா? உன் பெரிய நாத்தனார் ஊரெல்லாம் எழுதிவைத்த மொய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், பார்த்துக்கொள். சமையலுக்கு யாரை அமர்த்தினாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. மூட்டுவலி எப்படி இருக்கிறது?

உன் பழைய பெஞ்சுத் தோழி